நம்பர் விழாத விண்ணப்பங்கள்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒரு தனியார் வீட்டுக் கடன் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கி வந்து, "ஆன்ட்டி, உங்க காலத்துல ஒருத்தருக்கு லோன் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். ஒரு லாரி டிரைவர், வேறு இடத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கியிருந்த வீட்டுக் கடனை இவர்களிடம் மாற்றிக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறார். கம்ப்யூட்டர் நிராகரித்துவிட்டது. காரணம் திரையில் இல்லை. அந்த டிரைவர் நாளைக்கு வந்து நிற்பார், என்ன சொல்வது என்று இவருக்குத் தெரியவில்லை.

"எழுதிக் கொடுக்கணும்னு விதி இருந்துச்சு தம்பி. எழுதிக் கொடுக்காம தப்பிக்கிறதுக்கும் ஒரு வழி இருந்துச்சு" என்றேன். அது என்ன வழி என்று அவர் விடாமல் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு கூட்டுறவு வீட்டுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். வீடு பெரம்பலூரில். அப்பா இறந்துபோயிருந்தார். அம்மாவும் தங்கையும் நானும் வாடகை வீட்டில் இருந்தோம். திருச்சியில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான். விண்ணப்பம் வந்த அன்றே பதிவேட்டில் ஏற்றி வரிசை எண் போட வேண்டும், விண்ணப்பதாரருக்கு ரசீது கொடுக்க வேண்டும். எண் விழுந்த விண்ணப்பத்தை மறுப்பதானால் காரணத்தை எழுதித் தர வேண்டும். காரணம் சரியில்லை என்றால் அவர் மேலே துணைப்பதிவாளருக்கு முறையிடலாம்.

எங்கள் சங்கத்தில் எண் போடும் பதிவேடு என் மேஜையில் இருந்தது. ஆனால் எதற்கு எண் போடுவது என்பதைச் செயலாளர் தர்மலிங்கம் முடிவு செய்வார்.

அவரைக் கெட்ட மனிதர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். யார் வந்தாலும் எழுந்து நிற்பார். "வாங்க, உக்காருங்க" என்பார். வெயிலில் வந்தவருக்குத் தன் சொம்பிலிருந்தே தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதடு அசையப் படிப்பார். பிறகு அதை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடிப்பார். எழுதத் தெரியாதவர்கள் போல அவர் பேனாவைத் தொடவே மாட்டார். "பாத்துட்டுச் சொல்லியனுப்புறேன்" என்று, முன்னால் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குத் தணிந்த குரலில் சொல்வார். வந்தவர் போனதும் மேஜையின் கடைசி இழுப்பறையைக் காலால் மெல்ல நெம்பித் திறந்து உள்ளே போடுவார். எனக்கு வராத விண்ணப்பம் அது. எண் இல்லை, ரசீது இல்லை, மறுப்பும் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லியனுப்பியதில்லை.

மடிக்காமல் என்னிடம் நீட்டினால் அது கடன் கிடைக்கப்போகும் விண்ணப்பம் என்று எனக்கு ஒரு வருஷத்தில் பழகிவிட்டது. மடிப்பு விழுவது யாருக்கு என்பதும் தெரிந்துவிட்டது. முகவரியில் காலனி என்று இருந்தால் விழும். கணவன் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால் விழும்.

ஒருமுறை பெரம்பலூர் அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர் வந்தார். கணவனை விட்டுப் பிரிந்தவர். நிரந்தர வேலை, சொந்த மனை, எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. செயலாளர் மிகுந்த பரிவோடு, "வூட்டு ஆம்பள யாராவது ஒரு கையெழுத்து போட்டா நல்லா இருக்கும்மா" என்றார். "சம்பளம் வாங்குறது நான்தானே சார்?" என்று கேட்டார் அவர். செயலாளர் சிரித்துக்கொண்டே மடித்தார். போகும்போது அந்த அம்மாள் என் மேஜையின் முன் நின்று, "ரசீது ஏதும் தருவீங்களா?" என்றார். எனக்கு விதி தெரியும். செயலாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார் சொல்லியனுப்புவாங்க" என்றேன். இன்று நினைத்தாலும் என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

செல்லமுத்துவும் அவர் மனைவி அஞ்சலையும் வந்தது அதற்கு அடுத்த வருஷம். செல்லமுத்து ரெட்டிபாளையம் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் இயந்திரம் ஓட்டுபவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் விக்கிரமங்கலத்தில் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, காலனிக்கும் ஊருக்கும் நடுவே ரோட்டோரம் ஒரு மனையை விலைக்கு வாங்கி, தளம் போட்ட வீடு கட்டத் தொடங்கினார். கூரை மட்டத்தில் பணம் தீர்ந்துவிட்டது. அரியலூரில் ஒரு கடலை மண்டிக்காரரிடம் கடன் வாங்கினார்.

மண்டிக்காரர் எழுதி வாங்கியது கடன் பத்திரம் அல்ல, வீட்டுக்குக் கிரயப் பத்திரம். உள்ளே ஒரு நிபந்தனை இருந்தது. இந்தத் தேதிக்குள் பணத்தை வட்டியோடு கொடுத்தால் வீட்டைத் திருப்பி எழுதித் தருவேன். தேதி தாண்டினால் வீடு எனக்கே. பத்திரம் எழுதியபோது அங்கே மண் பாதைதான் இருந்தது. பிறகு தார் ரோடு வந்தது. மண்டிக்காரருக்கு ரோட்டு மேல் ஒரு கிடங்கு தேவைப்பட்டது. அதன் பிறகு செல்லமுத்து கொண்டுபோன தவணைப் பணத்தை அவர் வாங்கவில்லை. "மொத்தமாக் குடு" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் சங்கத்தின் துணைவிதியில், சொந்த வீட்டின் மேல் உள்ள பழைய அடமானத்தைத் தீர்க்கவும் கடன் தரலாம் என்று ஒரு வரி உண்டு. சுரங்கத்தில் யாரோ அதைச் சொல்லி செல்லமுத்து வந்தார். இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இரண்டு விண்ணப்பங்களும் இழுப்பறைக்குள் போயின. மண்டிக்காரர் ஒரு காலத்தில் எங்கள் சங்கத்தில் இயக்குநர். நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டு அரசாங்கம் தனி அலுவலரை நியமித்த பிறகும் அவர் வாரம் இரண்டு நாள் வந்து செயலாளருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

மூன்றாவது முறை அவர்கள் வந்த அன்று செயலாளர் இல்லை. திருமழபாடியில் நந்தி கல்யாணம், குடும்பத்தோடு போயிருந்தார். கெடு முடிய அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. செல்லமுத்து விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்தார். அஞ்சலைதான் பேசினார்.

"ஏம்மா, இல்லேன்னா இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. வேற எங்கியாவது போயி கால்ல விழுவோம். ரெண்டு தடவ குடுத்த காயிதம் எங்க போச்சுன்னே தெரியல."

நான் பதிவேட்டைத் திறந்தேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அந்த நர்ஸ் என் முன்னால் நின்ற நிற்பு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். எண் போட்டேன். ரசீது புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். "இத யாரு கேட்டாலும் குடுக்காதீங்க" என்றேன். அவர்கள் படியிறங்கிய பிறகு என் உள்ளங்கை ஈரத்தில் பதிவேட்டு மை கலைந்திருப்பதைப் பார்த்தேன்.

மறுநாள் செயலாளர் பிரசாதம் கொண்டு வந்தார். எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். பதிவேட்டைப் புரட்டியவர் அந்தப் பக்கத்தில் நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வசந்தா, ஏதோ தெரியாம செஞ்சிட்டே. பரவாயில்ல. விக்கிரமங்கலம் போயி அந்த ரசீத வாங்கிட்டு வந்துடு. நம்பர் தப்பா விழுந்துடுச்சுன்னு எழுதி ஒரு கோடு போட்டுடலாம்."

"அவங்க குடுப்பாங்களா சார்?"

"நீ கேட்டா குடுப்பாங்க. ஒன் ஃபைலும் எங்கிட்டத்தான் இருக்கு. இந்த மாசம் அனுப்பிடலாம்னு இருக்கேன்."

நான் போகவில்லை. போகிறேன் என்றும் போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மண்டிக்காரர் வந்தார். எதிர் நாற்காலிக்குப் போகாமல் என் மேஜைக்கு வந்தார்.

"பெரம்பலூர்லேருந்துதான வர்றீங்க? சாயங்காலம் அஞ்சே முக்கால் பஸ்ஸா?"

"ஆமாங்க."

"தங்கச்சி பள்ளிக்கூடம் போவுதுல்ல? நல்லாப் படிக்கட்டும்" என்றார். பிறகு எதிர் நாற்காலிக்குப் போய்ப் பேப்பரை விரித்தார்.

அன்று மாலை பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் பச்சைத் துண்டு போட்ட ஒருவன் உட்கார்ந்தான். பெரம்பலூரில் நான் இறங்கியபோது இறங்கினான். மறுநாளும் அதே ஆள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, தொட்டதில்லை. டீக்கடைப் பக்கம் நின்று, நான் தெருவுக்குள் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு வாரம் இப்படிப் போனது. நான் தங்கையைத் தனியாகக் கடைக்கு அனுப்பவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வாள். அந்த வேலையில்தான் மூன்று பேர் சாப்பிட்டோம். அவன் நிஜமாகவே மண்டிக்காரரின் ஆளா, பெரம்பலூருக்கு வேலையாக வந்துபோகிற எவனோ ஒருவனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எண் விழுந்துவிட்டதால் விண்ணப்பம் நகர்ந்தே ஆக வேண்டியிருந்தது. முதலில் சட்ட ஆலோசகரிடம் போனது. அரியலூர் கோர்ட்டில் தொழில் செய்த வயதான வக்கீல் அவர். பத்திரத்தைப் படித்துவிட்டு இரண்டே வரி எழுதினார். 'பெயர் கிரயம், தன்மை அடமானம். நிபந்தனை அதே பத்திரத்தில் உள்ளதால், கடனைச் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை உடைமையாளருக்கு உண்டு.' தட்டச்சு செய்யும்போது அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தேதி தாண்டினால் வீடு போய்விடும் என்று அந்தக் குடும்பம் இத்தனை நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் அப்படி இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது வீட்டு மதிப்பீடு. எங்கள் ஓவர்சியர் ஜமால் பாய் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த மனிதர். செயலாளர் சொன்னதை எழுதிப் பழகியவர். அந்த முறையும் அவரைக் கூப்பிட்டு, "மறுவிற்பனைக்கு உகந்ததல்லன்னு ஒரு வரி எழுதிடுங்க பாய். கடன் கட்டலேன்னா நாம ஏலம் போடணும். காலனிக்குப் பக்கத்துல இருக்கற வீட்ட எவன் எடுப்பான்?" என்று சொல்லியனுப்பினார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க பியூன் வரவில்லை. "நீ வாம்மா" என்று பாய் என்னைக் கூட்டிப்போனார்.

வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் மூன்று பேர் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போகும் வரை பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். பாய் என் கையில் நாடாவின் ஒரு முனையைத் திணித்தார்.

வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. அடுப்பு இருந்தது, ஒரு சட்டி இருந்தது, மூலையில் சுருட்டிய கோரைப்பாய் இருந்தது. பூசி முடிக்காத சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. நாங்கள் பேசியது எதிரொலித்தது.

"சாமானெல்லாம் எங்கம்மா?" என்றார் பாய்.

"எங்கம்மா வூட்ல கொண்டுபோயி வச்சிட்டேன்" என்றார் அஞ்சலை. "கெடு அன்னிக்கு ஆளுவோ வந்து தெருவுல தூக்கி வீசுவாங்களாம். எதுக்கால ஒக்காந்துகிட்டுச் சொல்றாங்க. புள்ளைங்க கண்ணு முன்னாடி வீசுறத பாக்க முடியாது சார். அதான் நானே எடுத்துட்டேன்."

பாய் அளந்தார். நீளம், அகலம், சுவரின் கனம், தளத்தின் உயரம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தார். சுவரை விரல் மடித்துத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து, மரத்தடி ஆட்களைப் பார்த்தபடியே என்னிடம் தணிந்த குரலில் பேசினார்.

"எவனும் எடுக்க மாட்டான்னு சொல்றாரு செக்ரட்டரி. அப்ப இந்த வூட்டுக்கு எதுக்கும்மா மூணு ஆள் காவலு?"

அவருடைய அறிக்கையில் மறுவிற்பனை பற்றிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். செயலாளர் கேட்டதற்கு, "நாடாவுல அளக்க முடியாதத நான் எப்படி சார் எழுதுறது?" என்றார். செயலாளர் அந்தக் கோப்பில் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தினார். 'வில்லங்கம் உள்ளது. நிராகரிக்கலாம்.'

தனி அலுவலர் வியாழக்கிழமைகளில் வருவார். நாலைந்து சங்கங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. எங்கள் சங்கத்தில் ஒரு மணி நேரம் இருப்பார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே காப்பி குடிப்பார். அந்த வியாழன் மண்டிக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் கோப்புகளைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். செல்லமுத்துவின் கோப்பு வந்தது. துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் பேனாவைக் கொண்டுபோனார்.

எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை.

"சார், வக்கீல் ஒப்பீனியன் அடுத்த பக்கத்துல இருக்கு சார்."

அவர் திருப்பினார். படித்தார். "மீட்கலாம்னுதானே எழுதியிருக்காரு? அந்த அடமானத்தத் தீர்க்கத்தானே கடனே கேக்கறாங்க? அப்புறம் என்ன வில்லங்கம்?"

"எடம் அப்படி சார்" என்றார் செயலாளர், அதே மெல்லிய குரலில். "காலனிய ஒட்டுன எடம். ஏலம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

"இவங்க கேப்பாங்க சார்" என்றேன் நான். என் கை தானாக மண்டிக்காரர் பக்கம் நீண்டிருந்தது. "பழைய பத்திரம் இவங்க பேர்லதான் இருக்கு."

மண்டிக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். தனி அலுவலர் அவரைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். அவர் ஒன்றும் ஏழைகளுக்காகப் போராடுகிறவர் அல்ல. அவர் முகத்திலும் பயம்தான் வந்தது.

"நம்பர் விழுந்திருக்கு. ரசீது போயிருக்கு. நாளைக்கு ஆடிட்ல என் கழுத்தத்தான் பிடிப்பாங்க" என்றார். கோப்பைச் செயலாளர் பக்கம் தள்ளினார். "நான் ரிஜெக்ட் பண்றேன். காரணத்த நீங்க எழுதுங்க. இப்ப வாயால சொன்னீங்களே, காலனிய ஒட்டுன எடம்னு, அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

செயலாளர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். எத்தனை விண்ணப்பங்களை அந்த ஒரு காரணத்துக்காக மடித்தவர் அவர்! அதை ஒரு வரியாக எழுத அவரால் முடியவில்லை. மூடியைத் திருப்பிப் போட்டார். தனி அலுவலர் கடனை அனுமதித்துக் கையெழுத்திட்டார்.

கெடு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மண்டிக்காரர் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பி எழுதித் தர வேண்டும். செல்லமுத்து, அஞ்சலை, வக்கீல், சங்கத்தின் காசோலையோடு நான் என எல்லோரும் காலையிலிருந்து அங்கே இருந்தோம். அவர் வரவில்லை. மண்டியில் கேட்டால் ஊரில் இல்லை என்றார்கள். மதியம் சாய்ந்தது. அஞ்சலை எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். "இன்னியோட முடிஞ்சுதும்மா" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கை நெருப்பாய்ச் சுட்டது. செல்லமுத்து ஒரு தூணைப் பார்த்து நின்றார். திரும்பவே இல்லை.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒளிஞ்சுகிட்டா வாங்க முடியாதுன்னு நெனைக்கிறான். வாங்கலேன்னா கோர்ட்டு வாங்கும். கெடு தாண்டுனாலும் மீட்கலாம், ஆனா அவன் ஆளுங்ககிட்ட காட்ட கையில ஒரு காகிதம் வேணும். வாங்க" என்று எழுந்தார். கோர்ட் மூடுவதற்குள் மனு எழுதி, அடமானப் பணத்தை முன்சீப் கோர்ட்டில் கட்டினோம். முத்திரை குத்திய நகலை அஞ்சலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை செல்லமுத்து வேலைக்குப் போன பிறகு, மரத்தடி ஆட்கள் பூட்டோடு வந்தார்களாம். அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்து, முத்திரை தெரிய நகலை விரித்துப் பிடித்திருக்கிறார். "கோர்ட்டுல கேளுங்க, எங்கிட்ட கேக்காதீங்க" என்று சொன்னதையே சொன்னாராம். அவர்கள் மதியம் வரை நின்றுவிட்டுப் போனார்கள். சில மாதம் கழித்து, கோர்ட் அனுப்பிய நோட்டீஸுக்குப் பிறகு, மண்டிக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு பத்திரத்தை ஒப்படைத்தார்.

எனக்குத் தகுதிகாண் பருவத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தார்கள். காரணம் எழுதியிருந்தார்கள், 'மேலதிகாரியின் அறிவுரையைப் பின்பற்றுவதில் குறைபாடு.' பஸ்ஸில் அந்த ஆள் ஒருநாள் வராமல் போனான். பிறகு வரவே இல்லை. ஆனாலும் ரொம்ப காலம் நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

கோர்ட்டில் பணம் கட்டிய அடுத்த திங்கட்கிழமை நான் அலுவலகம் போனபோது படியில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் சுரங்கத்தில் செல்லமுத்துவோடு வேலை செய்பவர், இன்னொருவர் தையல் வேலை செய்யும் பெண். நாலு பேருமே விக்கிரமங்கலம் காலனி. நாலு பேர் கையிலும் விண்ணப்பம். செயலாளர் தன் நாற்காலியில் இருந்தார். எப்போதும்போல எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். சொம்பை எடுத்தார்.

"நம்பர் போட்டு ரசீது தருவாங்களாம்ல, அந்தம்மாவப் பாக்கணும்" என்றார் அந்தத் தையல்காரப் பெண்.

செயலாளர் கையில் சொம்போடு என்னைப் பார்த்தார். செல்லமுத்துவுக்கு எண் போட்ட நாளைவிட அன்றைக்குப் பயம் கூடுதலாக இருந்தது. இந்த முறை அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இங்க வாங்க" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். கார்பனை நேராக வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன். புத்தகத்திலிருந்து எடுக்கும்போது முதல் ரசீது குறுக்கே கிழிந்துவிட்டது. இன்னொன்று எழுதினேன்.